யாரும் துடைக்காத செயின்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா பெற்ற ஒரே பிள்ளை, சைக்கிள் அறையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். பத்து விரலும் நலம். அங்கு நீங்களும் அத்தையும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. வலி குறைந்திருந்தால் சந்தோஷம். குறையாமல் இருந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே. கடிதம் என்றால் தபால்காரர் உங்கள் கையில் திணித்துவிட்டுத்தான் போவார், கிழித்துப் போட்டாலும் முதல் நாலு வரி கண்ணில் பட்டுவிடும். அதனால் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விடவில்லை. விடவும் மாட்டேன். யாராவது வந்து "உங்க மருமகன் கிளம்பிட்டானாமே" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆள் சொன்னாலும் நம்பாதீர்கள், சைக்கிள் செயின் சொன்னாலும் நம்பாதீர்கள். பையன் வெயிலில் நின்றுவிட்டான் என்று நினைக்க வேண்டாம், மேலே படியுங்கள்.

இன்றோடு பதினோரு மாதமும் நாலு நாளும் ஆகிறது. இன்னும் இருபத்தாறு நாள்தான். போன வருடம் எங்கள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "இவன் ஒரே இடத்துல ஒரு வருஷம் இருந்து காட்டட்டும், நானே வந்து இந்தப் படி ஏறுறேன். அதுவரைக்கும் எனக்கு அக்காவும் கிடையாது, மருமகனும் கிடையாது" என்றீர்கள். அம்மா உள்ளே இருந்தபடியே, "அப்ப இனிமே வரவே மாட்டேன்னு நேரா சொல்லிட்டுப் போடா" என்றாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் இப்போது அவளைப் போனில் கூப்பிட்டால் சாப்பிட்டியா தூங்கினியா என்றெல்லாம் கேட்பதில்லை. எடுத்ததும் "இன்னும் இருபத்தேழு" என்கிறாள். மறுநாள் "இருபத்தாறு" என்கிறாள். குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிறது மாமா. உங்களுக்கென்று கூடத்து நாற்காலியின் ஆடுகிற காலை ஆணி அடித்துச் சரிசெய்து வைத்திருக்கிறாளாம். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சொல்லிவிட்டேன்.

நான் விட்ட வேலைகளைப் பற்றி உங்களுக்கு ஒரு பாவமன்னிப்பு பாக்கி இருக்கிறது. அச்சகத்தில் இயந்திரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, இருக்க முடியவில்லை என்றேன். அது பொய், போரடித்தது. மருந்துக் கடையில் பாட்டில்கள் தாமாக இடம் மாறுகின்றன என்றேன். நான்தான் மாற்றி வைத்துவிட்டு மறந்துபோனேன். குளிர்பதனக் கிடங்கில் யாரோ என் காதோரம் மூச்சு விடுகிறார்கள் என்றேன். அது என் மூச்சுதான், அங்கே மூச்சு புகையாகத் தெரியும், பயந்துவிட்டேன். கல்லூரியில் பரீட்சை நடுவே தண்ணீர் குடிக்க வெளியே போனவன் ஏன் திரும்பவில்லை என்று எனக்கே இன்றுவரை தெரியாது. இதையெல்லாம் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இப்போது சொல்லப்போவது நிஜம். பொய் சொல்லிப் பழகினவன் வாயில் நிஜம் வந்தால் எவனும் வாங்க மாட்டான் என்பது எனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த வேலை இப்படித்தான். குழாய் செய்யும் தொழிற்சாலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கால் மணி நேரம் ஆகும் என்று ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றின் மட்கார்டிலும் ஒரு எண், வாசல் பக்கம் கரும்பலகையில் ஒன்று முதல் நாற்பது வரை சாக்பீஸில் எழுதியிருக்கும். இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் செயினில் ஏறி மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும். அதைத் துடைத்து எண்ணெய் போடுவதுதான் என் வேலை, ஒரு நாளைக்கு நாலு சைக்கிள். மதியம் எல்லோரும் சாப்பாட்டுக்கு வரும்போது நாற்பதையும் இந்த அறையில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்போது இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசி இயந்திரமும் நின்றபிறகு வருகிற அமைதி இருக்கிறதே, அது நல்ல அமைதி இல்லை மாமா. தலைக்கு மேலே தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரியும். நாற்பது சைக்கிளும் ஸ்டாண்டில் நின்று ஹேண்டில்பாரை ஒரே பக்கம் சாய்த்து ஏதோ ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும். உச்சிவெயில் நேரத்தில் முதுகு சில்லிடும் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் சிரிப்பேன்.

சூப்பர்வைசருக்கு நான் வைத்த பெயர் மூணு வார்த்தை. எதையும் மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார், அவர் வாயில் நாலாவது வார்த்தைக்கு இடம் இல்லை. முதல் நாளே "பெடலைப் பின்னால சுத்து" என்றார். முன்பக்கம் சுற்றினால் பின்சக்கரமும் கூடவே சுழலும், பின்பக்கம் சுற்றினால் செயின் மட்டும் ஓடும். அப்புறம் "துணியை விரல்ல சுத்தாதே" என்றார். இரண்டு விரலால் சும்மா பிடித்திருந்தால் பல்சக்கரம் இழுக்கும்போது துணி மட்டும் உருவிக்கொண்டு போகும், விரலில் சுற்றியிருந்தால் விரலும் துணைக்குப் போகும். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் அப்படித்தான் மோதிர விரலில் பாதியை விட்டார். அவருடைய ரப்பர் கையுறையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். வலது கையில் மோதிர விரல் பாதியில் மடித்துத் தைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் என் முழு விரல் உள்ளே மடங்கிக்கொண்டு, நான் இருக்கிறேன் நான் இருக்கிறேன் என்று முட்டும். இரண்டு நாள் அவரை நினைத்துக் கண்கலங்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால் கேன்டீனில் ஒன்பதரை விரலோடு டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். "உனக்குச் சேராதுன்னா அந்தக் கையுறையைத் திருப்பிக் குடு தம்பி, எனக்கு அளவா இருக்கும்" என்றார்.

மற்றதெல்லாம் பொறுமையான வேலை. துணியைக் கொஞ்சமாக மண்ணெண்ணெயில் நனைத்து, பக்கத்தில் பீடி பற்றவைத்தவன் எவனும் இல்லையே என்று பார்த்து, பழைய பிசுக்கை எடுக்க வேண்டும். பல் துலக்கிய பழைய பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, அது உலரும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். பிறகு செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் உள்பக்கம், சக்கர விளிம்பில் பட்டால் பிரேக் பிடிக்காது. கடைசியில் வெளியே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். இதில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, இடது கையில் துணி, பெடலைச் செருப்பு நுனியால் பின்பக்கமாகத் தட்டிவிட வேண்டியது. வலது கை காலி, கொசு அடிக்கலாம், பிஸ்கட் சாப்பிடலாம். மூணு வார்த்தை பார்த்துவிட்டு "காலை எடு முதல்ல" என்றார். எடுத்தேன். அவர் தலை மறைந்ததும் கால் தானாகப் பெடலுக்குத் திரும்பிவிடும்.

கதை இங்கே ஆரம்பிக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்பதாம் நம்பர் சைக்கிளை எடுத்தேன். நெட்டை வெல்டருடையது, அந்த ஆள் எங்கே போனாலும் சேற்றைத் தேடிப் போவார். துணியை வைத்துப் பெடலைத் தட்டினால் துணி வெள்ளையாகவே வெளியே வருகிறது. மறுபக்கம் திருப்பிப் பிடித்தேன், வெள்ளை. ஒவ்வொரு உருளையும் தனித்தனியாக மின்னுகிறது. நான் துடைக்கவில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை இல்லை. சரி, உழைக்காமல் பேர் வருகிறது என்று கணக்கில் என் டிக்கைப் போட்டுவிட்டேன். மறுநாள் வெல்டர் வரவில்லை. மூணு வார்த்தை கரும்பலகைக்குப் போய், சட்டைக் கையால் ஒன்பதை அழித்தார். எட்டு, ஒரு சாம்பல் கறை, பத்து.

அடுத்த வாரம் இருபத்திரண்டு, பேக்கிங் அக்காவுடையது, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அக்கா. மதியம் செயின் பளபள, மறுநாள் பலகையில் கறை. அதற்கப்புறம் முப்பத்தொன்று, எடைமேடைக் குமாஸ்தா. அதே மாதிரி. யாரையாவது கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது. செயின் சுத்தமானால் ஆள் காணாமல் போகிறான் ஐயா என்றால், அச்சு இயந்திரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அந்தப் பையன்தானே நீ என்று உங்களுக்கே போன் போட்டிருப்பார்கள். சாப்பாடு இறங்கவில்லை. மதியம் பேருக்குக் கொறித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு நாற்பது செயினையும் தொட்டுப் பார்ப்பேன். கறுப்பாக இருந்தால் நிம்மதி. அழுக்கைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கைக்குட்டை பதினாலில் வெள்ளையாக வந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுடையது. நல்ல மனுஷன் மாமா, வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் படுக்கப் பாய் கொடுத்தவர். நேராகப் போய் அவரைக் குழாய் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, உங்க செயினைப் பார்த்தேன்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே ஒரு குழாய்மேல் உட்கார்ந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான்ணே."

"தம்பி, யார்கிட்டயும் மூச்சு விடாதே. வீட்டுலகூட இன்னும் சொல்லல."

"சொல்லிடுங்கண்ணே. திடீர்னு தெரிஞ்சா அண்ணி தாங்க மாட்டாங்க."

"அழுவா. ஆனா என்ன பண்றது, எல்லாரும் ஒருநாள் போக வேண்டியதுதானே. அங்க இதைவிட நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"சொல்றாங்கதான். போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலையேண்ணே."

"எதுக்குடா திரும்பி வரணும்? வெல்டரே அங்கதான் இருக்காராம். எனக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்காராம்."

இதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் நெகிழ்ந்துபோய், எனக்கு இவ்வளவு பாசமா என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் பதினாலும் சாம்பல் கறை.

அன்று மதியம் கேன்டீனில் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீ மாஸ்டர் ஒன்பதரை விரலால் டம்ளரை வைத்துவிட்டு, ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் போன் பண்ணினார் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கிருந்து என்றேன். பக்கத்து ஊர் சிமெண்ட் ஆலையிலிருந்து என்றார். "உங்க சைக்கிள் பையன் எனக்காக ஏன் அப்படி அழுதான்னு கேட்டாரு. வெல்டரும் பக்கத்துல நின்னு கேட்டுச் சிரிச்சாரு" என்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். இங்கே வேலையை விடுகிறவன் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். மூணு வார்த்தை ஒரு வெள்ளைத் துணியைச் செயினில் வைத்துச் சுற்றுவார். துணி கறுத்தால் விடுவிப்புக் கடிதம் கிடையாது. அந்தக் கடிதம் இல்லாமல் வேறு இடத்தில் சேர முடியாது. கிளம்புகிறான் என்று முன்பே தெரிந்தால் மிச்ச நாளுக்கு எவனும் போக விரும்பாத எண்ணெய்க் குழி வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கடைசி நாள் மதியம், நான் சாப்பிடப் போகும் நேரத்தில், சத்தமில்லாமல் வந்து தங்கள் செயினைத் தாங்களே துடைத்துக்கொள்கிறார்கள். பேக்கிங் அக்கா மகன் வீட்டோடு போய்விட்டாள், குமாஸ்தாவுக்கு வேறு வேலை. எல்லோரும் உயிரோடு, சௌக்கியமாக, என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். பதினோரு மாதமாகச் செயின் துடைக்கிற எனக்கு மட்டும் இது தெரியாது. அன்று தள்ளிவைத்த தட்டை இழுத்து இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குக் கடிதம் எதற்கு.

போன திங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கைக்குட்டைப் பழக்கம் விடவில்லை, சும்மா ஒவ்வொரு செயினாகத் தொட்டுக்கொண்டே போனேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, முப்பத்தேழில் வெள்ளை. முப்பத்தேழு என்னுடைய சைக்கிள் மாமா. அன்று காலையில்தான் மழைத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். எவனோ கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து, வெளியே போய்ச் சேற்றை அள்ளிச் செயின் முழுக்க அப்பினேன். என் தொழிலுக்கு நானே செய்த துரோகம், கை கூசியது. செவ்வாய் மதியம் வந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு மணல்கூட இல்லை. டீ மாஸ்டரைக் கேட்டேன். "இருக்கிற விரலாவது இருக்கட்டும்னுதான் டீக்கு வந்தேன், நான் ஏன் உன் செயினைத் தொடப்போறேன்?" என்றார். நியாயம்தான்.

புதன்கிழமை மறுபடி சேறு. எல்லோரும் போனதும் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு சாவிதான் உண்டு. திரும்பி வந்து திறந்தால், சுத்தம். உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட இட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்திருக்கிறது. பேய் என்றால் ஏதாவது கெடுதல் பண்ண வேண்டாமா, இது வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறது. நேற்று ஒரு வேலை செய்தேன். எண்ணெய் சிந்தினால் போட மரத்தூள் மூட்டை வைத்திருப்பார்கள். அதை அறையின் கோடியிலிருந்து தூவிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வந்தேன். தரையில் ஒரு தடமும் கிடையாது, புதுப் பணியாரம் மேல் சர்க்கரை தூவின மாதிரி இருந்தது. பூட்டினேன். போனேன். வந்தேன். திறந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். மரத்தூளில் ஒரு செருப்புத் தடம் உள்ளே போகிறது, நேராக முப்பத்தேழுக்கு. அங்கே ஸ்டூல் போட்ட வட்டம். பிறகு அதே தடம் வெளியே வருகிறது. இடது செருப்பின் குதிகாலில் குறுக்கே ஒரு கோடு. என் இடது செருப்பு அறுந்துபோய்க் கம்பி போட்டுத் தைத்தது, அது தரையில் பட்டால் குறுக்கே கோடு விழும். நான் அப்போது இன்னும் உள்ளே போகவே இல்லை மாமா. எவனோ என் செருப்பைத் திருடிக்கொண்டு போயிருக்கிறான் என்று பார்த்தால், செருப்பு என் காலில்தான் இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். அடியில் மரத்தூள். தொழிற்சாலை என்றால் எங்கும் மரத்தூள் கிடக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

நேராகக் கேன்டீனுக்குப் போய், இப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வெளியே போனதைப் பார்த்தீர்களா என்று டீ மாஸ்டரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ எங்க தம்பி சாப்பிட்ட? திங்கள்கிழமையிலேர்ந்து நீ இந்தப் பக்கமே வரல. உன் தட்டை நான்தான் தினமும் மூடி வைக்கிறேன்."

நான் சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றார். சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வயிறு மட்டும் அந்த நேரம் பார்த்து கொர்ரென்று கத்தியது, காட்டிக்கொடுக்கிற வயிறு.

திரும்பி வந்தால் மூணு வார்த்தை என் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் வெள்ளைத் துணி. செயினை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். "இது உன் கை" என்றார். ஒவ்வொருவர் துடைத்ததற்கும் ஒரு கையெழுத்து உண்டாம். செயினின் இரு முனையையும் சேர்க்கிற பூட்டு இணைப்பில் மட்டும் நான் இரண்டு சொட்டு விடுவேனாம், மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கத்தை அழுத்தித் துடைப்பேனாம். எனக்கே தெரியாத விஷயம். நான் துடைக்கவில்லை சார் என்றேன்.

"கிளம்பறதா இருந்தா சொல்லிடு."

"நான் எங்கேயும் கிளம்பல சார்."

"செயின் கிளம்பிடுச்சே தம்பி."

சொல்லிவிட்டு அவர் கரும்பலகையைப் பார்த்தார். முப்பத்தேழு இன்னும் அங்கே இருந்தது. கை வைக்கவில்லை. ஆனால் சட்டைக் கையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார், அதை நான் கவனித்தேன்.

மாமா, உங்கள்மேல் ஆணையாக, எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. இதுவரை எந்த இடத்தைப் பற்றியும் நான் இப்படிச் சொன்னதில்லை. கறுத்துப்போன செயின் என் கையில் ஒவ்வொரு உருளையாக வெளுத்து வரும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று உட்காருகிறது, வாழ்க்கையில் முதல் தடவையாக உட்காருகிறது. எனக்குப் போக வேண்டாம். இருபத்தாறு நாள் கழித்து நீங்கள் படி ஏறி வந்து, ஆணி அடித்த நாற்காலியில் உட்கார வேண்டும். அம்மா ஒன்றும் பேசாமல் உங்கள் முன்னால் தண்ணீரைக் கொண்டுவந்து டம்ளர் சத்தம் கேட்கிற மாதிரி வைக்க வேண்டும். அதை நான் கதவோரம் நின்று பார்க்க வேண்டும். இதைக் கெடுக்க எவனோ, எதுவோ என் கையெழுத்தைப் போட்டு என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறது. நான் விடமாட்டேன்.

அதனால் இன்று சாப்பிடப் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை, போனதாக நினைத்துக்கொண்டு இல்லை. காலையிலேயே செயினில் சேற்றை அப்பிவிட்டு, முப்பத்தேழைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அதை ஒட்டியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கதவு. கண்ணைக் கதவிலிருந்து எடுப்பதில்லை, எழுதும்போது மட்டும் தாளைப் பார்க்கிறேன். கம்மென்று இருக்கிறது. இயந்திரம் எல்லாம் நின்றுவிட்டது. தகரம் டிக் டிக்கென்கிறது. ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது, சரக் சரக்கென்று, ஏதாவது பல்லியாக இருக்கும். இந்தக் கடிதம் ஆரம்பித்ததிலிருந்து இந்த வரிவரை ஒரு ஈ காக்கா கதவு வழியாக வரவில்லை. வரட்டும் பார்க்கலாம். இன்று கையும் களவுமாகப் பிடித்து, அதன் முழு விலாசத்தோடு உங்களுக்கு அடுத்த தபாலில் தெரியப்படுத்துகிறேன்.

அதனால் நீங்கள் தைரியமாக நல்ல சட்டையைத் தோய்த்து வையுங்கள். எங்கள் வீட்டுப் படி உயரம், முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வாருங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் இரண்டு காலையும் இங்கிருந்தே தொட்டுக் கும்பிடுகிறேன், ஆசீர்வாதம் பண்ணுங்கள், "அங்கேயே இரு" என்று பண்ணுங்கள்.

இப்படிக்கு,
எங்கேயும் போகாத உங்கள் மருமகன்

பி.கு.: மாமா, கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது இடது கையை ஏதோ வெடுக்கென்று இழுத்தது. பார்த்தால் துணி. பல்சக்கரம் கவ்வி இழுத்துக்கொண்டு போகிறது. நல்லவேளை விரலில் சுற்றவில்லை, இரண்டு விரலால்தான் பிடிச்சிருந்தேன். துணியை யார் எடுத்தாங்கன்னு தெரியல. கீழே பார்த்தா என் கால் பெடலைத் தட்டிக்கிட்டு இருக்கு, சரக் சரக்னு, பின்பக்கமா, பதமா. நில்லுன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் நின்னுச்சு. அஞ்சு பக்கம் எழுதியிருக்கேன், அஞ்சு பக்கமும் அது துடைச்சிருக்கு. சேறு ஒரு பொட்டுகூட இல்ல. எண்ணெயும் போட்டாச்சு, பூட்டு இணைப்புல ரெண்டு சொட்டு. பொய் சொல்லக் கூடாது மாமா, நான் இதுவரைக்கும் துடைச்சதிலேயே இதுதான் அருமையான செயின். சூப்பர்வைசர் வெள்ளைத் துணியோட வாசல்ல நிக்கிறாரு. மேலே எழுதினது எதையும் அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவ எண்ணிக்கிட்டே இருக்கட்டும். இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள நான் அங்க வந்துட்டா, தயவுசெஞ்சு இதைப் பிரிக்காதீங்க. கதவு முன்னைவிடக் கிட்டத்துல தெரியுது. எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க மாமா, நடந்துகிட்டே எழுதுறேன் போலிருக்கு.